மைசூர்த் தண்ணி

மைசூருக்கா குடி வரப் போறீங்க? யாரு டீச்சர் உங்களுக்கு இந்த யோசனையச் சொன்னது? வீட்டுக்காரருக்கு மாற்றலா? சரி, கம்பெனி அனுப்பினா போய்த்தானே ஆகணும். ஆனா வீடு பார்த்துட்டு வந்த சந்தோஷம் உங்க முகத்துல தெரியுது பாருங்க, அதைத்தான் கேட்டேன். மரம் இருக்கு, காத்து இருக்கு, தெருவெல்லாம் சுத்தம். வர்றவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. நானும் சொன்னேன்.

மடியில இருக்கற அந்தப் பையைக் கீழ வையுங்க. பஸ் இன்னும் மலை இறங்கணும், சத்தியமங்கலம் வர்றதுக்குள்ள அது உங்களைச் சாய்ச்சிடும்.

நான் சும்மா காத்தைப் பார்த்து வந்தவ இல்லை. அதைச் சொல்லிடறேன். எங்க வீட்டுக்காரரு பக்கத்துல எல்லாம் எப்படின்னா, எவனாவது ஒரு சொந்தக்காரன் ஒரு ஊருக்குப் போனா, பின்னாடியே நாலு பேர் போவாங்க, ஆட்டு மந்தை மாதிரி. என் நாத்தனார் பாண்டிச்சேரிக்குப் போனா. ஏன் போனேன்னு கேட்டா, அங்க பெட்ரோல் விலை கம்மி, சரக்கு விலை கம்மிங்கறா. அவ வீட்டுக்காரன் குடிக்கமாட்டான். அவங்ககிட்ட வண்டியும் கிடையாது. இப்ப சொல்லுங்க, இந்தக் குடும்பத்துல நான் முப்பது வருஷத்துக்கு மேல குப்பை கொட்டியிருக்கேன்.

ஆபீஸ்ல மட்டும் என்ன வாழுதாம். நான் கணக்குப் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவ. தெய்வநாயகின்னா எங்க ஆபீஸ்ல பியூன்ல இருந்து பெரிய அதிகாரி வரைக்கும் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிப்பாங்க. அங்க பழனியாண்டின்னு ஒருத்தன். நான் மைசூர் போறேன்னதும், "கர்நாடகாவுல வருமான வரி கம்மியாமே மேடம்"னு கேட்டான். வருமான வரி டெல்லிக்குப் போறது. நீ காஷ்மீர்ல உக்காந்தாலும் கன்னியாகுமரியில உக்காந்தாலும் அதே வரிதான். இது தெரியாதவன் எனக்கு முன்னாடி பதவி உயர்வு வாங்கினான்.

மாநிலத்துக்கு மாநிலம் மாறுறது வேற. பத்திரச் செலவு மாறும், வீட்டு வரி மாறும், கரண்ட்டு மாறும், வண்டி வரி மாறும். அதெல்லாம் யாரு பார்க்கறா? நான் பார்த்தேன். ஓசூர், பாலக்காடு, மைசூர், மூணையும் எடுத்துக்கிட்டு ஒரு கோடைக்காலம் பூரா உக்காந்தேன். அம்பத்தூர்ல அப்ப எங்க வீட்டுல போர்த் தண்ணி உப்பு. பாத்திரத்துல வெள்ளையாப் படியும். லாரிக்காரன்கிட்ட கெஞ்சணும். வெயில்ல மொட்டை மாடித் தொட்டித் தண்ணிய மேல ஊத்தினா தோல் உரியும். அவரு எதுக்கும் ஒண்ணும் சொல்லமாட்டாரு. தொட்டித் தண்ணி கொதிச்சா, விடியறதுக்கு முன்ன எழுந்து குளிச்சிட்டு வந்துடுவாரு. அவ்வளவுதான் அவரோட அறிவு. ஊரை மாத்தலாம்னு தோணாது, நேரத்தை மாத்திக்குவாரு.

அவரு ஒரு கம்பெனியில டூல் ரூம்ல இருந்தாரு. கம்பெனியக் கதவடைப்பு பண்ணினப்ப என் சம்பளத்துலதான் அடுப்பு எரிஞ்சது. பொண்ணு படிப்பு, அவரு அம்மா ஆஸ்பத்திரி, எல்லாம் நான். ஒருநாள் கூட நான் அதைச் சொல்லிக் காட்டினதில்லை. இப்பக்கூட உங்ககிட்டத்தான் சொல்றேன். ஆனா எங்க குடியிருக்கறதுன்னு முடிவு பண்றப்ப யாரு முடிவு பண்ணணும்? நீங்களே சொல்லுங்க.

மைசூர்னு முடிவு பண்ணிட்டு அவருகிட்டச் சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. "அங்க நமக்கு யாரையும் தெரியாதே"ன்னாரு. "இங்க தெரிஞ்சவங்க என்ன கிழிச்சாங்க"ன்னேன். அதுக்கப்புறம் ரசம் ஊத்தச் சொன்னாரு. முடிஞ்சது பேச்சு. எங்க வீட்டுல சண்டையே வந்ததில்லை டீச்சர். அக்கம்பக்கத்துல எல்லாம் அதைப் பெருமையாச் சொல்லுவாங்க.

மைசூர்ல போகாதிங்கற ஏரியா பக்கம் வாடகைக்கு வீடு. நல்ல வீடுதான், அதைக் குறை சொல்லமாட்டேன். குழாயத் திறந்தா இனிப்பாத் தண்ணி. முதல் மாசம் நான் போன் போட்டு எல்லாருக்கும் சொன்னேன். ஏப்ரல்ல மின்விசிறியே போடாம மத்தியானம் தூங்கறேன்னு அம்பத்தூர்ல எதிர்வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன். அவ பொறாமையில போனை வெச்சுட்டா.

அப்புறந்தான் காரு விஷயம் வந்தது. எங்க காரு தமிழ்நாட்டு வண்டி. வெளி மாநில வண்டிய அங்க கொண்டு போய் ஒரு வருஷத்துக்கு மேல வெச்சிருந்தா அந்த ஊர் ஆயுள் வரிய மறுபடி கட்டணும். இங்க கட்டினதை வாங்கறதுக்கு வேற அலையணும். இது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. கவனத்துக்கு வரலை, அவ்வளவுதான். காரு ஓட்டறது யாரு, அவருதானே? அவருதானே ஞாபகப்படுத்தியிருக்கணும். கேட்டா, "நீ எல்லாம் பார்த்துட்டேன்னு சொன்னியே"ங்கறாரு.

பழைய காருக்கு அவ்வளவு வரி கட்டறது முட்டாள்தனம். வித்துடுங்கன்னேன். அம்பத்தூருக்குக் கொண்டு போனாரு, வாங்க வந்தவன் சாவிக்குக் கையை நீட்டிக்கிட்டு நிக்கறான், இவரு காரு கண்ணாடியத் துடைச்சுக்கிட்டே இருந்தாராம். கூடப் போன என் தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். நானும் சிரிச்சேன்.

காரு போனதும் மனுஷன் நடக்க ஆரம்பிச்சாரு. காலையில போனா பத்து மணிக்கு வருவாரு. அப்புறம் பதினொண்ணு. அப்புறம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தாப் போதும்னு ஆயிடுச்சு. எங்க போறாருன்னா, ரெண்டு தெரு தள்ளி ஒரு மாவு மில். ராகி அரைக்கிற மில். ஒருநாள் அங்க பெல்ட் நழுவி மில் நின்னுருக்கு, ஜனம் டப்பாவோட காத்துக்கிட்டு இருந்திருக்கு, இவரு சும்மா போகாம உள்ள போய்ச் சரி பண்ணியிருக்காரு. மில்லுக்காரன் புட்டசாமின்னு பேரு. காபி வாங்கிக் கொடுத்திருக்கான். ஒரு காபி, டீச்சர். அதுக்கு மறுநாள்ல இருந்து அங்கயே பழி கிடக்காரு.

அவன் ஒரு ஆளு. எப்பவும் மேல ஒரு பனியன், இடுப்புல ஒரு மடிச்ச வேட்டி, புருவம் எல்லாம் மாவு. முதல் தடவை வீட்டு வாசல்ல நின்னு என்னைப் பார்த்து "பன்னி, பன்னி"ங்கறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கன்னடத்துல வாங்கன்னு அர்த்தமாம். என் வீட்டுக்கு வந்து நின்னுக்கிட்டு என்னையே வாங்கன்னு கூப்பிடறான். அதுலயே தெரியலையா, என்ன மாதிரி ஆளுன்னு? அவன் வீட்டுக் கொலுவுக்கு வரச் சொல்லிக் கூப்பிட வந்தானாம். அவன் பொண்டாட்டி ஜெயம்மா பத்து நாளும் பொம்மை வெச்சிருந்தா. இவரு போயிட்டு வந்தாரு. நான் போகலை. என்ன பேசறது அவங்ககிட்ட?

பாஷை கத்துக்கிட்டு வந்துட்டாரு, அதைச் சொல்லணும். யாரும் சொல்லித் தரலை. அங்க மில்லுல வரிசையில நிக்கற பொம்பளைங்ககிட்ட எல்லாம் பேசிப் பேசி. வீட்டுல ஒருநாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம், காபி, பேப்பர், மாத்திரை, சரி. அங்க போனா வாய் மூடறதே இல்லையாம். ஒருநாள் காய்கறி வாங்கிட்டு நான் அந்தப் பக்கமா வந்தேன். மில் சத்தத்துக்கு மேல ஒரு சிரிப்புச் சத்தம். யாரோ நல்லாச் சிரிக்கறாங்களேன்னு எட்டிப் பார்த்தா இவரு. ஒரு நிமிஷம் எனக்கு அடையாளமே தெரியலை. மாவு, டீச்சர். தலை, மீசை எல்லாம் மாவு. அதனால தெரியலை.

நான் கூப்பிடலை. வந்துட்டேன்.

நானும் கத்துக்கலாமேன்னுதானே பார்க்கறீங்க? எதுக்கு? கடையில தமிழ்ல கேட்டாலே கொடுக்கறான். பேங்க்ல இங்கிலீஷ்ல பேசறேன். நாளைக்கு வேற மாநிலம் போனா இது எதுக்கு ஆகும்?

அப்புறம் ஒரு வருஷம் மழை சரியா இல்லை. காவேரித் தண்ணிக்காக பந்த்துன்னு அறிவிச்சாங்க. டிவியப் போட்டா ஒரே கூச்சல். நான் வாசல்ல இருந்த பேர்ப்பலகையக் கழட்டி உள்ள வெச்சேன். தமிழ்ல அவரு பேரை அருணகிரின்னு அழகா எழுதினது, பொண்ணு கொடுத்தது. கதவைப் பூட்டினேன். இவரைப் பார்த்தா ஆளைக் காணோம். பந்த் அன்னிக்கும் காலையில கிளம்பி மில்லுக்குப் போயிருக்காரு. போன் போட்டேன். இவரு, "வர்றேன், வர்றேன்"னு நிதானமாச் சொல்றாரு.

வந்தாரு. கூட அந்தப் புட்டசாமி. இவரைச் சந்து வழியா நடத்திக் கூட்டிக்கிட்டு வந்து உள்ள அனுப்பிட்டு, அவன் திரும்பிப் போகலை. வாசப்படியில உக்காந்துட்டான். பேப்பரை விரிச்சுக்கிட்டு. நான் ஜன்னல் வழியாப் பார்க்கறேன், சாயங்காலம் வரைக்கும் நகரலை. நடுவுல கொடி கட்டின வண்டியில பசங்க நாலஞ்சு பேர் வந்து எங்க வீட்டைப் பார்த்து நின்னாங்க. இவன் எழுந்து என்னமோ சொன்னான். சத்தமாக்கூடச் சொல்லலை. போயிட்டாங்க.

என்ன சொன்னானோ யாருக்குத் தெரியும்? அவனே வரச் சொல்லி, அவனே போகச் சொல்லியிருக்கலாம். இப்படியெல்லாம் பண்ணுவாங்க, நாளைக்கு நம்மகிட்ட ஏதாவது காரியம் ஆகணும்னா. மத்தியானம் ஜெயம்மா ஒரு தூக்குல ராகிக் களியும் கீரைக் குழம்பும் கொண்டு வந்தா. ரெண்டு பேருக்கு. நான் தொடலை. அவரு ரெண்டு பேர் பங்கையும் எடுத்துக்கிட்டாரு. ஒரு உருண்டையப் புட்டு வெளிய படியில இருந்தவனுக்கும் கொண்டு போய்க் கொடுத்து, அவன் கூடவே படியில உக்காந்து சாப்பிட்டாரு. ஊரே கொதிச்சுக்கிட்டு இருக்கு, இவங்க ரெண்டு பேரும் வாசல்ல பந்தி போட்டுச் சாப்பிடறாங்க. புத்தி இருக்கறவங்க செய்யற வேலையா?

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த ஊர் சரிப்படாதுன்னு.

பயந்துக்கிட்டு இல்லை. கணக்குப்படிதான். வாடகை ஏத்திட்டான். குளிர்காலத்துல எனக்கு முட்டி பிடிச்சுக்குது. வருஷ சராசரி வெப்பம் இவ்வளவுன்னு போட்டிருப்பான், அதை நம்பி வந்தா ஆச்சா? சராசரியில யாரு குடியிருக்கா? ஜனவரியிலயும் ஆகஸ்ட்லயும்தானே குடியிருக்கோம். ஈரத் துணி ரெண்டு நாள் காயாது. கோயம்புத்தூர் இதைவிட மேல். சிறுவாணித் தண்ணி, அளவான வெயில், நல்ல ஆஸ்பத்திரி, தமிழ் ஊரு, இலவசக் கரண்ட்டு நூறு யூனிட். எல்லாத்தையும் போட்டுப் பார்த்துட்டு ஒருநாள் காலையில காபி கொடுக்கறப்ப அவருகிட்டச் சொன்னேன்.

"கோயம்புத்தூர் போறோம். சித்திரைக்கு முன்னாடி போயிடலாம்"னேன்.

அவரு டம்ளரைக் கீழ வெச்சாரு. "பேடா"ன்னாரு.

எனக்குப் புரியலை. மைசூர் பாகு ஊர்ல இருந்துக்கிட்டு பேடா கேட்கறாரேன்னு நினைச்சேன். சர்க்கரை வேற இருக்கு அவருக்கு. "காலங்கார்த்தால எதுக்கு இனிப்பு"ன்னேன்.

"இனிப்பு இல்லை. வேண்டாம்னு சொன்னேன்"னாரு.

"எது வேண்டாம்?"

"கோயம்புத்தூர். நான் வரலை நாயகி. நீ போகணும்னா போ."

கோபமாச் சொல்லலை. பேப்பர் வந்துடுச்சான்னு கேட்கற மாதிரி சொன்னாரு. சொல்லிட்டு மிச்சக் காபியக் குடிச்சாரு.

டீச்சர், முப்பது வருஷத்துல அந்த மனுஷன் என்கிட்ட ஒரு தடவை வேண்டாம்னு சொன்னதில்லை. ஒரு தடவை. அவ்வளவு நல்ல மனுஷன். தமிழ்ல அவருக்கு அந்த வார்த்தையே கிடையாது. அங்க போய் அந்த மாவு மில்லுல உக்காந்து கெட்டுப் போயிட்டாரு. ஆளை மாத்திட்டாங்க. அந்த ஊர்த் தண்ணி அப்படி.

நான் விடுவேனா? பேசினேன். என்ன பேசினேன்னு கேட்காதீங்க, எல்லாம் நியாயமாத்தான் பேசினேன். உங்களுக்கு பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுக்கறது யாரு? சோறு வடிக்கத் தெரியுமா? பென்ஷன் சான்று கொடுக்க எங்க போகணும்னாவது தெரியுமா? எல்லாத்துக்கும் தலையாட்டினாரு. "தெரியாதுதான். கத்துக்கறேன்"னாரு. அறுபத்தஞ்சு வயசுல கத்துக்கறாராம்.

நாசிக்ல இருக்கற பொண்ணுக்குப் போன் போட்டு, உங்கப்பாவுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு, வந்து பேசுன்னேன். அவ, "அம்மா, அப்பா கொலுவுல எடுத்த போட்டோ அனுப்பினாரு. அப்பாவுக்கு முன்பல்லு ஒண்ணு கோணல்னு எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாதும்மா"ன்னா. நான் என்ன கேட்டேன், அவ என்ன சொல்றா? அப்பன் புத்தி அப்படியே.

சரி, வழிக்கு வரட்டும்னு வீட்டு ஓனர்கிட்டக் காலி பண்றோம்னு சொல்லக் கிளம்பினேன். சிவலிங்கப்பான்னு பெரியவரு, பக்கத்து வீட்டுலயே இருக்காரு. இவரும் கூட வந்தாரு. பார்த்தீங்களா, வந்துட்டாரேன்னு நினைச்சேன். நான் இங்கிலீஷ்ல ஆரம்பிக்கறதுக்குள்ள இவரு கன்னடத்துல பேச ஆரம்பிச்சுட்டாரு. சரசரன்னு. ஓனரு கேட்கறாரு, இவரு சொல்றாரு. ஓனரு என்னைப் பார்க்கறாரு, தரையப் பார்க்கறாரு. அவரு பொண்டாட்டி சமையக்கட்டுல இருந்து வந்து நின்னு கேட்கறா. எல்லாருக்கும் புரியுது. எனக்கு மட்டும் ஒரு எழுத்து புரியலை. என் வீட்டுக்காரரு என்னைப் பத்தித்தான் பேசறாரு, எனக்கு முன்னாடியே பேசறாரு, நான் பொம்மை மாதிரி உக்காந்திருக்கேன். அந்தம்மா வந்து என் தோளைத் தொட்டா. நான் கையத் தட்டிவிட்டேன். எதுக்குத் தொடறா?

வெளிய வந்து, "என்ன சொன்னீங்க"ன்னு கேட்டேன்.

"இவங்க வீட்டு மாடியில சின்ன ரூம் காலியா இருக்கில்ல, அது எனக்குப் போதும்னு சொன்னேன். சரின்னுட்டாரு."

"என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?"

"உனக்கு இந்த ஊர் ஒத்துக்கலைன்னு சொன்னேன். குறையா ஒண்ணும் சொல்லலை."

சாமான் பிரிச்சப்ப அவரு எடுத்துக்கிட்டது சின்னக் குக்கரு, ரெண்டு தட்டு, அவரோட ஸ்பானர் பெட்டி. பேர்ப்பலகைய எடுத்துக்குங்கன்னேன். "நீ வெச்சுக்கோ, அங்க தமிழ் ஊரு, எல்லாரும் படிப்பாங்க"ன்னாரு. இதைக் குத்தலாச் சொன்னாரா, சாதாரணமாச் சொன்னாரான்னு இன்னி வரைக்கும் எனக்குப் பிடிபடலை. குத்தலாப் பேசற அளவுக்கு அவருக்கு விவரம் கிடையாது.

இன்னிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஏத்திவிட்டாரு. அந்தப் புட்டசாமியோட வண்டியிலதான். தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுத்தாரு. ஜன்னலோரம் இல்லைன்னா எனக்குக் குமட்டும்னு இந்தப் பக்கமா இடம் பிடிச்சாரு. பஸ் கிளம்பற வரைக்கும் நின்னாரு. நான் திரும்பிப் பார்க்கலை. ஒரு மாசம், டீச்சர். ஒரே மாசம். சாதம் குழைஞ்சு, மாத்திரை மறந்து, காய்ச்சல்ல படுத்தா அந்தக் களிக்காரனா வந்து பார்ப்பான்? தானா வருவாரு. அவரை எனக்குத் தெரியாதா?

இருங்க, மாத்திரை போட்டாரான்னு ஒரு வார்த்தை கேட்டுடறேன். காட்டுக்குள்ள போயிட்டா டவர் இருக்காது.

...

பார்த்தீங்களா? எடுத்தவரு "ஹேளி"ங்கறாரு, சொல்லுங்கன்னு கன்னடத்துல. என் நம்பர்னு பார்க்காமலே எடுத்திருக்காரு. நான்தான்னு சொன்னேன். பின்னாடி மில்லு ஓடற சத்தம். அப்புறம், "சொல்லு"ங்கறாரு. போட்டுட்டாராம், சாப்பிட்டுட்டாராம். எங்க சாப்பிட்டீங்கன்னு நான் கேட்கலை. "நீ சாப்பிட்டியா"ன்னாரு. எனக்கு எரிச்சலாயிடுச்சு, வெச்சுட்டேன்.

உங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். வாடகை எவ்வளவு, வரி எவ்வளவு, வெயில் எவ்வளவு, இதை எவ வேணும்னாலும் பார்க்கலாம். வீட்டுக்காரரைக் காலையில தனியா எங்கயும் நடக்க விடாதீங்க. சிரிக்கறீங்க. சிரிங்க.

கோயம்புத்தூர்ல சாயிபாபா காலனி பக்கம் வீடு பேசியிருக்கேன். ரெண்டு பெட்ரூம். பழைய வீடு, ஆனா காத்தோட்டம் இருக்காம். வீட்டுக்காரம்மா போன்லயே ஆயிரம் கேள்வி கேட்டா, அசைவமா, நாய் வளர்ப்பீங்களா, ஆணி அடிப்பீங்களான்னு. அங்கயும் இப்படிப்பட்டதுதான் வாய்க்குது எனக்கு. கடைசியா, எத்தனை பேரு குடியிருக்கப் போறீங்கன்னா.

ரெண்டு பேருன்னு சொல்லியிருக்கேன்.

ஒத்தைப் பொம்பளைன்னு சொன்னா எவ வீடு தருவா, சொல்லுங்க? அதுக்காகத்தான் சொன்னேன். வேற ஒண்ணும் இல்லை.